மூச்சைத் தாங்கும் நுரை

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் 31-ம் தேதி ராத்திரி படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகிறவர்களுக்கு அது பக்திக் கணக்கு. மற்ற நாட்களில் ஏறுகிறவர்களுக்கு மூச்சுக் கணக்கு.

தொண்ணூறாவது படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பள்ளிப்பட்டு பக்கத்துக்காரர். நாற்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தோளில் துண்டு, நெற்றியில் பட்டை விபூதி, வாய் திறந்தபடி மூச்சு. பக்கத்தில் மருமகள் துணிப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து நீட்ட, ‘கொஞ்சம் இரும்மா’ என்று கை காட்டினார்.

“போன ஆடிக் கிருத்திகைக்கு நூத்தி இருவதுல உக்காந்தேன் சார். இந்த வாட்டி தொண்ணூறுலயே உக்கார வெச்சுட்டான் முருகன்.”

மேலே கையைக் காட்டினார். “எங்க அண்ணன் என்னைவிட நாலு வயசு பெரியவரு. ஒரே தறிக்கூடம், ஒரே பஞ்சு. பீடிகூட ஒரே கட்டுலதான் எடுப்போம். அவரு இந்நேரம் சாமி பாத்திருப்பாரு. எனக்கு மட்டும் இப்படி. எல்லாம் தலையெழுத்து.”

தலையெழுத்தா? அவர் சொன்னதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. ஒரே வீட்டில் பிறந்து ஒரே தூசியைச் சுவாசித்த இருவரில் ஒருவருக்கு மட்டும் நெஞ்சு ஏன் அடைக்கிறது என்ற கேள்விக்கு, நுரையீரலுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய பூச்சில் விடை தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்தப் பூச்சில் நிஜமாகவே எழுத்து உண்டு.

ஈரலுக்கு நுரை எதற்கு?

சொல்லைக் கவனியுங்கள். நுரை ஈரல். இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, ஆட்டை அறுத்துப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

அண்ணன்காரர் மாலையும் பிரசாதமுமாக இறங்கி வந்தபிறகு தெரிந்தது, அவர் இப்போது கறிக்கடை வைத்திருக்கிறார் என்று. கிருத்திகையன்று கடை கிடையாது. இரண்டு நாள் கழித்து அவர் கடைக்குப் போனேன். ஒரு அன்னக்கூடையில் தண்ணீர் பிடித்து, முதலில் ஈரல் துண்டு ஒன்றைப் போட்டார். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. அடுத்து நுரையீரல் துண்டு. மிதந்தது. விரலால் அமுக்கிப் பிடித்தார். வெட்டு வாயிலிருந்து வெள்ளையாக, பொடிப்பொடியாக நுரை கிளம்பி தண்ணீர்மேல் படர்ந்தது. “சோப்பு நுரை இருக்குதே, அது சீக்கிரம் ஒடைஞ்சுரும். இது ஒடையாது, பாருங்க” என்றார். பார்த்தேன். அடுத்த ஆளுக்கு அரைக்கிலோ நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர் திரும்பும்வரை அந்தக் குமிழிகள் அப்படியே இருந்தன.

இங்கிலாந்தில் போர்ட்டன் டவுன் என்ற இடத்தில் ராணுவத்தின் ரசாயன ஆயுத ஆராய்ச்சிக்கூடம் உண்டு. விஷவாயு தாக்கியவர்களின் நுரையீரலில் கட்டும் நுரையை ஆராய்ந்துகொண்டிருந்த ரிச்சர்ட் பேட்டில் என்பவர் 1955-ல் எழுதியதும் ஏறத்தாழ இதைத்தான்: நுரையீரல் நுரையின் குமிழிகள் உடையவே மாட்டேன் என்கின்றன, அவற்றின் மேல் ஏதோ ஒரு பூச்சு இருக்க வேண்டும். கறிக்கடைக்காரர் கண்ணில் தினமும் படுகிற விஷயம் அறிவியல் சஞ்சிகைக்கு வர விஷவாயு தேவைப்பட்டது.

அந்தப் பூச்சுதான் சர்ஃபாக்டன்ட்.

சரவணப் பொய்கையில் முங்கி எழுந்தவரின் ஈர வேட்டி தொடையோடு ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த துணி ஒட்டாது, முழுக்க நீருக்குள் இருக்கும் துணியும் ஒட்டாது. ஈரமும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான் இந்த இழுப்பு. பள்ளிக்கூடத்தில் பரப்பு இழுவிசை என்று படித்தோமே, அது. நம் நுரையீரலில் 30 முதல் 50 கோடி காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. பிரித்து விரித்தால் 70 சதுர மீட்டர் வரும், ஒரு சுமாரான ஃபிளாட்டின் தரை. அத்தனை அறைகளின் உட்சுவரும் ஈரம். ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் அவை ஈர வேட்டிபோலச் சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டிவிட்டால் அடுத்த மூச்சை இழுப்பது புது பலூனை முதல்தடவை ஊதுவதுபோல. ஒவ்வொரு மூச்சும் முதல் ஊதலாக இருந்தால் எத்தனை நேரம் தாங்கும்?

ஒட்டாமல் பார்த்துக்கொள்வது சர்ஃபாக்டன்ட். நுண்ணறைச் சுவரில் உள்ள இரண்டாம் வகைச் செல்கள் இதைச் சுரக்கின்றன. நூற்றில் தொண்ணூறு பங்கு கொழுப்பு, பத்துப் பங்கு புரதம்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கண்டுசொன்னவர் மேரி எலன் ஏவரி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர். குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் பூச்சு போதவில்லை என்று 1959-ல் ஜெரே மீடுடன் சேர்ந்து நிறுவினார். அடுத்த நான்காவது ஆண்டு, 1963 ஆகஸ்டில், அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த மகன் பேட்ரிக் இதே காரணத்தால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். அதிபர் வீட்டிலேயே கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருந்தது. 1980-ல்தான் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் விட்டு வழி திறந்தார். இன்று நம்மூரில் ‘குறைமாசம், பெட்டியில வெச்சிருக்காங்க, நெஞ்சுல மருந்து விட்டாங்க’ என்று சொல்வது இந்த மருந்தைத்தான். பிரசவம் முந்திவிடும்போல் தெரிந்தால் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் ஊசியை 12 மணி நேர இடைவெளியில் நான்கு முறை போடுகிறார்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளை பூச்சைச் சீக்கிரம் தயார் செய்துகொள்ளும். விலை மலிவான ஊசி. நேரத்துக்குப் போடுகிறார்களா என்பதில்தான் உயிர்.

நாலு புரதம், இரண்டு காவல்காரர்கள்

பூச்சில் இருக்கும் புரதங்கள் நான்கு. எஸ்.பி.-ஏ, பி, சி, டி என்று பெயர். பி-யும் சி-யும் சின்னவை. கொழுப்புப் படலத்தை நுண்ணறை முழுக்கப் பரப்பி, சுருங்கும்போது மடித்து, விரியும்போது மறுபடி இழுத்து விடுவது அவற்றின் வேலை. பாயை விரித்துச் சுருட்டும் ஆட்கள்.

ஏ-வும் டி-யும் பெரிய உருவங்கள். மின் நுண்ணோக்கியில் ஏ ஒரு பூச்செண்டு மாதிரி தெரியும், டி ஒரு கூட்டல் குறி மாதிரி. காம்புகளின் நுனியில் சர்க்கரையைப் பிடிக்கும் கொக்கிகள். கிருமிகளின் மேலுறையில் இருக்கும் சர்க்கரை வகைகளை அந்தக் கொக்கி பிடித்துக்கொள்ளும். மூச்சோடு வரும் பூஞ்சை வித்து, மகரந்தம், வைரஸ், காசநோய்க் கிருமி என்று எதுவானாலும் வாசலில் நின்று மடக்குகிற காவல்காரர்கள் இவர்கள். ஆனால் காசநோய்க் கிருமியிடம் மட்டும் இருவரும் எதிரெதிராக நடந்துகொள்கிறார்கள். எஸ்.பி.-டி ஒட்டிக்கொண்டால், கிருமி நம் விழுங்கு செல்லுக்குள் புகுவது குறைகிறது. எஸ்.பி.-ஏ-வோ உள்ளே போக வழிவிடுகிறது. செல்லுக்குள் பதுங்கித்தான் காசநோய்க் கிருமி பிழைக்கிறது என்பதால், இந்தக் காவல்காரர் சில நேரம் திருடனுக்கே கதவைத் திறந்துவிடுகிறார் என்று சொல்லலாம்.

இப்போது எழுத்துக்கு வருவோம். ஏ-வுக்கு இரண்டு மரபணு, டி-க்கு ஒன்று. மூன்றும் பத்தாவது குரோமோசோமில் அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன. ஆளுக்கு ஆள் இவற்றில் ஓரிரு எழுத்து மாறும். எஸ்.பி.-டியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சிலருக்கு மெத்தியோனின், சிலருக்கு த்ரியோனின் என்ற அமினோ அமிலம் வரும். த்ரியோனின் வந்தால் நான்கு கை சேர்ந்த கூட்டல் குறி சரியாகக் கூடுவதில்லை, ரத்தத்தில் அளவும் குறைகிறது.

த்ரியோனின்காரர்கள் பாவம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2000-ல் மெக்சிகோவில் ஜோவானா ஃப்ளோரஸ் குழுவினர் பார்த்தபோது காசநோயாளிகளிடம் த்ரியோனின் எழுத்து தூக்கலாக இருந்தது. 2002-ல் ஃபின்லாந்தில் ஆர்.எஸ்.வி. என்ற சளி வைரஸ் தாக்கி மோசமான குழந்தைகளைப் பார்த்தார்கள். அங்கே தூக்கலாக இருந்தது மெத்தியோனின். ஒரு கிருமிக்குப் பலவீனமான எழுத்து இன்னொரு கிருமிக்குப் பலம். எந்தக் காலத்தில், எந்த ஊரில், எந்த நோய் உங்களைத் தேடி வருகிறது என்பதைப் பொறுத்தே எழுத்துக்கு நல்லதும் கெட்டதும்.

நம் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். டெல்லி ஐ.ஜி.ஐ.பி. நிறுவனத்தில் உஷா சர்மா, தருணா மதன் குழுவினர் 2002-ல் எஸ்.பி.-ஏ மரபணுக்களின் சில எழுத்து மாற்றங்கள் இந்தியக் காசநோயாளிகளிடம் கூடுதலாக இருப்பதாக எழுதினார்கள். அடுத்த வருஷம், ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையால் வரும் ஒவ்வாமை நோயிலும் எஸ்.பி.-ஏ 2-ன் ஒரு மாற்றத்துக்குத் தொடர்பு இருப்பதாகச் சொன்னார்கள். நல்ல உழைப்பு. ஆனால் சின்ன ஆய்வுகள். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இப்படிச் சின்னச் சின்ன ஆய்வுகளில் மின்னிய மரபணுக்களில் பலவும் பெரிய கூட்டத்தில் தேடியபோது மங்கிப்போனதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருவள்ளூர் சொன்ன பாடம்

இந்தத் தேடலில் நம் மாவட்டத்துக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. இங்கேயே பலருக்குத் தெரியாது.

திருத்தணி 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. முதலானவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன். இன்றைக்கும் படிக்கட்டில் முன்னால் போகிறவர் ‘அரோகரா’ என்பார், பின்னால் வருகிறவர் தெலுங்கில் பேரனை அதட்டுவார். அன்று திருத்தணியும் திருவள்ளூரும் செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல்.

அந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் சுற்றுவட்டாரத்தில்தான் 1968-ல் உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. ஐ.சி.எம்.ஆரும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து, ஏறக்குறைய 2.8 லட்சம் பேருக்கு பி.சி.ஜி. அல்லது வெற்று ஊசி போட்டு, வீடு வீடாக வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 1979-ல் முதல் முடிவு வந்தபோது உலகம் திகைத்தது. பிரிட்டனில் அருமையாக வேலை செய்த ஊசி, இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவே இல்லை. 15 வருஷக் கணக்கும் அதையே சொன்னது.

ஏன்? மண்ணிலும் நீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் சாதுவான உறவுகள் ஏற்கெனவே நம் உடம்பைப் பழக்கிவிட்டன என்றார்கள். கிருமியின் வகை வேறு என்றார்கள். ஆட்களின் மரபணு வேறோ என்ற சந்தேகமும் எழுந்தது. சேத்துப்பட்டில் 1956 முதல் இயங்கும் காசநோய் ஆராய்ச்சி மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், இந்த நூலையும் பிடித்துப் பார்த்தது. அங்கே பி. செல்வராஜ் குழுவினர் 1999-ல் மானோஸ் பைண்டிங் லெக்டின் என்ற ரத்தப் புரதத்தின் மரபணு மாற்றத்துக்கும் காசநோய்க்கும் தொடர்பு கண்டார்கள். அது எஸ்.பி.-டிக்குப் பங்காளி. அதே சர்க்கரைக் கொக்கி, மரபணு இருப்பதும் அதே பத்தாவது குரோமோசோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம். பிச்சப்பன் 1990-களின் தொடக்கத்திலேயே நோயெதிர்ப்பு சார்ந்த எச்.எல்.ஏ. மரபணுக்களுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியிருந்தார்.

கிருமி நுழைந்தவர்களில் ஆயுளுக்கும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் காசநோயாக வெடிக்கிறது. மற்ற தொண்ணூறு பேருக்கும் ஏதோ ஒன்று காப்பு. அந்த ஏதோ ஒன்றில் மரபணுவும் இருக்கிறது. ஆனால் எவ்வளவு?

கொரோனா அதற்கு ஒரு நல்ல அளவுகோல் கொடுத்தது. உலகம் முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவை வைத்து நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. அதில் நாம் மேலே பார்த்த எஸ்.பி.-டியின் மெத்தியோனின்–த்ரியோனின் மாற்றமே தென்பட்டது. சின்னக் கூட்டத்தில் மின்னி மங்கியவற்றில் இது சேராது, பெரிய கூட்டத்திலும் நின்றது. சரி, அதனால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு எவ்வளவு கூடியது? நூற்றுக்கு ஆறு பங்கு. ஒரு கட்டு பீடி இதைவிட எத்தனையோ மடங்கு செய்யும்.

இரண்டு பிரதியும் பழுதானால்

ஆனால் எழுத்து நிஜமாகவே விதியாகும் இடம் ஒன்று உண்டு. அது பாய் விரிக்கிறவர்கள் பக்கம்.

1993-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் நோகீ, நிறைமாதத்தில் பிறந்தும் குறைமாதப் பிள்ளைபோல் மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளிடம் எஸ்.பி.-பி அறவே இல்லை என்று கண்டார். அப்பாவிடமிருந்து வந்த பிரதி, அம்மாவிடமிருந்து வந்த பிரதி, இரண்டுமே பழுது. வெளியிலிருந்து சர்ஃபாக்டன்ட் விட்டாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். நுரையீரலையே மாற்றினால் ஒழிய பெரும்பாலும் சில மாதத்துக்கு மேல் தாங்காது. ஏ.பி.சி.ஏ.3 என்று இன்னொரு மரபணு, கொழுப்பைச் செல்லுக்குள் சுமந்து அடுக்குகிற கூலியாள். அதில் இரண்டு பிரதியும் கெட்டாலும் பல நேரம் இதே கதி. எஸ்.பி.-சி வேறு ரகம், ஒரு பிரதி கெட்டாலே போதும். அப்பா அல்லது அம்மாவுக்கு நாற்பது வயதில் நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகலாம், பிள்ளைக்கு நாலு மாதத்திலேயே ஆகலாம்.

மிக மிக அரிய நோய்கள்தான் இவை. ஆனால் ‘இரண்டு பிரதியும்’ என்ற சொல் நம் பக்கத்தில் கனமானது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள். முருகனையே மால்மருகன் என்று கொண்டாடுகிற ஊர் இது. வள்ளி, தெய்வானை இருவரும் மாமன் மகள்கள் என்பது கதை. மாமன் மகளைக் கட்டினால் பிள்ளைக்கு மரபணுக்களில் 16-ல் ஒரு பங்கு ஒரே மூதாதையிடமிருந்து இரண்டு வழியாக வந்து சேரும். அக்கா மகளைக் கட்டினால் 8-ல் ஒரு பங்கு. மூதாதையிடம் ஒரு பிரதியில் மறைந்திருந்த பழுது வாரிசிடம் ஜோடி சேர்வது அப்படித்தான். பெற்றோர் இருவரும் அந்தப் பழுதைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. நிறைமாதக் குழந்தை மூச்சுத் திணறி இறந்திருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபியல் ஆலோசனை கேட்பது நல்லது. பக்கத்து வேலூர் சி.எம்.சி.யிலேயே அதற்குத் துறை இருக்கிறது. ‘சாமி குத்தம்’, ‘மருமக ராசி’ என்று பெண்ணின் தலையில் கட்டுவதை அதற்கு அப்புறமாவது நிறுத்தலாம்.

படியில் உட்கார்ந்திருந்தவரின் மருமகள் இதைக் கேட்டு, “நாங்களும் சொந்தம்தான். என் பையனுக்கு நாலு வயசு. டெஸ்ட் எடுக்கணுமா?” என்றார். ஓடியாடும் பையனுக்கு வேண்டாம். எஸ்.பி.-டியின் எழுத்தைத் தெரிந்துகொண்டு யாரும் செய்யக்கூடியது இன்றைக்கு எதுவும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு சொல்லும் ஆய்வகங்கள் வரும், அது வேறு.

அண்ணன் தம்பிக்கும் வருவோம். உடன்பிறந்தவர்கள் என்றாலும் பத்தாவது குரோமோசோமின் அந்தத் துண்டு இருவருக்கும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க நாலில் ஒரு வாய்ப்புதான். அங்கேயே வித்தியாசம் வரலாம். ஆனால் கறிக்கடையில் நின்றபோது அண்ணன் வேறொன்று சொன்னார்.

“ஒரே தறின்னா சொன்னான்? நான் தறியை விட்டு பதினெட்டு வருஷம் ஆவுது. கஞ்சி போட்ட நூலுத் தூசு ஒத்துக்கல, வந்துட்டேன். பீடியும் அதோட போச்சு. இவன் ஜன்னலச் சாத்திட்டு ஓட்டுவான், காத்துல நூலு அறுந்துடும்னு.”

ஒன்றாகப் பிறந்தது நிஜம், ஒன்றாகத் தறி ஓட்டியதும் நிஜம். தம்பியின் நினைவில் அதற்குப் பிந்திய பதினெட்டு வருஷத்தைக் காணோம்.

எழுத்தைத் தொடாமல் சூழலை மாற்றினால் என்ன ஆகும்? ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு அது. சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்றது. 2023-ல் வந்த முடிவு: அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எஸ்.பி.-டி எழுத்தின் ஆறு சதவீதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோயும் அளவும் வேறுவேறு என்பதால் நேர் ஒப்பீடு ஆகாதுதான். ஆனாலும் எனக்குக் கண் பருப்புப் பக்கம்தான் போகிறது.

தம்பியிடம் கேட்டேன், எப்போதாவது சளிப் பரிசோதனை செய்தீர்களா என்று. இல்லை. மூன்று வருஷமாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இன்ஹேலர்தான். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் செய்ததில்லை. ஆஸ்துமா என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். நாற்பது வருஷப் பஞ்சும் பீடியும் செய்த அடைப்பா, காசநோயா, இரண்டுமா என்று சளியும் எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் பார்க்காமல் எவரும் சொல்ல முடியாது. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்குக் காசு இல்லை.

மறுவாரம் மருமகள் போன் செய்தார். மூடி போட்ட சின்ன டப்பா கொடுத்திருக்கிறார்களாம். எச்சில் வேண்டாம், விடிகாலையில் அடிநெஞ்சிலிருந்து காறி வரும் சளிதான் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்களாம்.

“நாளைக்குக் காலையில பெரியப்பா வீட்டுக்கு வரேன்னு இருக்காரு சார். மாமா எழுந்ததும் மொதல்ல பீடியத்தான் தேடுவாரு. பெரியப்பா வந்து பக்கத்துல உக்காந்து, டப்பாவக் கையில குடுத்துட்டுதான் போவாராம்.”